துத்தநாகப் பூச்சை எலக்ட்ரான் நுண்ணோக்கிக்குத் தயார்செய்வது

உருகிய துத்தநாகத்தில் முக்கி எடுத்த இரும்புத் தகட்டின் குறுக்குவெட்டில் வரும் பிழைகள் பெரும்பாலும் அறுப்பிலும் தேய்ப்பிலும்தான் பிறக்கின்றன.

அறுக்கும் சக்கரம் பூச்சுப் பக்கமிருந்து உள்ளே இறங்கட்டும். எதிர்ப்பக்கமிருந்து வந்தால் பூச்சு வெளியே தள்ளப்பட்டு விரிசல் விடும். அந்த விரிசலைப் பார்த்து ‘ஒட்டுதல் சரியில்லை’ என்று அறிக்கையும் போய்விடும். பாவம், பூச்சு என்ன செய்யும்?

அறுத்த துண்டைப் பிசினில் பதிக்க, குறைவாகச் சுருங்கும் எபாக்ஸிதான் நல்லது. பிசின் சுருங்கினால் முடியளவு இடுக்கு விழும். தேய்க்கும்போது விளிம்பு உருண்டு, தடிமன் தப்பாக வரும். இடுக்கில் தேங்கிய ஈரம் பிறகு கசிந்து கறையாகும். இரண்டு துண்டுகளைப் பூச்சு முகம் எதிரெதிராக வைத்துக் கவ்விப் பதித்தால் ஒன்றுக்கொன்று காவல்.

தேய்க்க 320, 600, 1200 எண் உப்புத்தாள்கள். ஒவ்வொரு தாளுக்கும் 90 பாகை திருப்பி, முந்தைய கீறல் முழுக்க மறையும்வரை. அடுத்து 3 மைக்ரான், 1 மைக்ரான் வைரப் பசை. இந்தக் கட்டத்தில் தண்ணீரே வேண்டாம்: மெருகேறிய துத்தநாகம் ஈரம் பட்டால் கறுத்துவிடும். ஆல்கஹால் கலந்த மசகு, எத்தனால் கழுவல், உடனே சூடான காற்று.

அடுக்குகளைக் காட்ட அமிலம் போன்றவற்றால் அரிக்கவைக்க அவசரப்படாதீர்கள். பின்சிதறல் படத்திலேயே (மாதிரியில் பட்டுத் திரும்பும் எலக்ட்ரான்கள் தரும் படம்) இரும்பு–துத்தநாக அடுக்குகள் நிறபேதத்தில் பிரிந்து தெரியும்.

எபாக்ஸி மின்சாரம் கடத்தாது; அதனால் மேலே மின்சாரம் கடத்தும் மெல்லிய படலம் வேண்டும். தனிம ஆய்வு (எக்ஸ்-கதிர் வரிகளை வைத்து எந்தத் தனிமம் என்று பார்ப்பது) உண்டென்றால் கார்பன் பூசுங்கள், தங்கம் வேண்டாம். பாஸ்பேட் அடுக்கைத் தேடும்போது தங்கத்தின் 2.1 கே.இ.வி. (கிலோ எலக்ட்ரான் வோல்ட்) வரி பாஸ்பரஸின் 2.0 வரிமேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும். உலோகத்திலிருந்து மாதிரித் தாங்கிவரை வெள்ளிப் பசைக் கோடு இழுத்து, நன்றாகக் காயவிட்டே நுண்ணோக்கிக்குள் வையுங்கள்.