ஈயம் பூசிய நாக்கு

கும்பகோணத்திலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவையும் கூட்டிக்கொண்டு ஃபின்லாந்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, நேற்று இரவுதான் வீடு வந்து சேர்ந்தோம். ஒன்பது நாள், 1,900 கிலோமீட்டர் சொச்சம். காரை இன்னும் கழுவவில்லை. முன்பக்கம் முழுக்க வடகோடி லாப்லாந்துக் கொசு அப்பிக்கிடக்கிறது. அது இயற்கை. உள்ளே அடிக்கும் வாசனைக்கு மட்டும் அப்பாதான் பொறுப்பு.

விடியற்காலை ஐந்து மணிக்குக் கிளம்புவதாக முடிவெடுத்து, நம் வீட்டு வழக்கப்படி ஒன்பதரைக்கு எங்கள் ஊர் எஸ்போவை விட்டு நகர்ந்தோம். "வெயிலுக்கு முன்னாடி போயிடலாம்" என்று அப்பா மட்டும் நாலு மணிக்கே நீலத் துண்டோடு தயார். ஜூலை மாத ஃபின்லாந்தில் வெயிலுக்கு முன்னாடி என்று ஒரு நேரம் கிடையாது. நாலு மணிக்கெல்லாம் அது அவருக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருந்தது.

அன்று சனிக்கிழமை. இந்த ஊர்ப் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமைதான் மிட்டாய் நாள். மற்ற நாளில் கேட்கக் கூடாது. நம் வீட்டிலும் அதே சட்டம். போட்டது என் மனைவி, அமல்படுத்துவதும் அவள்தான். லாஹ்தி தாண்டி ஒரு பெட்ரோல் பங்கில் சின்னவள் கரண்டியால் அள்ளி, எடை போட்டு, காகிதப் பையில் கொண்டுவந்தாள். அதில் பாதி சல்மியாக்கி. கரி நிறம், டைமண்ட் வடிவம், அம்மா தீபாவளிக்குப் போடும் டைமண்ட் பிஸ்கட் அளவு. ஒன்பது வருடமாக இங்கே இருக்கிறேன், அதை முழுதாகச் சாப்பிட்டு முடித்ததில்லை. வாயில் போட்டால் முதலில் உப்பு, பிறகு காரமா கசப்பா என்று தெரியாத ஒன்று மூக்கு வழியாக ஏறி உச்சந்தலையைத் தட்டும். சின்னவள் இங்கேயே பிறந்தவள், கடலை மிட்டாய் மாதிரி மெல்லுவாள்.

"தாத்தா, ஒண்ணு?" என்று நீட்டினாள். பெரியவன் ஃபோனை எடுத்து வீடியோவுக்குத் தயாரானான். நான் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே ஓட்டினேன்.

அப்பா மென்றார். நிறுத்தினார். கண்ணை மூடினார். துப்பப் போகிறார் என்று என் மனைவி டிஷ்யூவை நீட்டினாள்.

"நவச்சாரம்டா!" என்றார்.

அப்புறம் மிக்கேலி வரைக்கும் நூறு கிலோமீட்டருக்கு மேல் ஈயம் பூசும் கதைதான். கும்பகோணத்துத் தெருவில் துருத்தி வைத்து, கரி மூட்டி, அண்டாவைக் காயவைத்து, நவச்சாரப் பொடியைத் தூவித் துணியால் ஒரு சுற்றுச் சுற்றினால் குப்பென்று வெள்ளைப் புகை வருமாம். உள்ளே நிலா மாதிரி ஈயம் படியுமாம். அந்தப் புகை வாசனைதான் இந்த மிட்டாயாம். மனைவி ஃபோனில் தேடிப் படித்தாள்: அமோனியம் குளோரைடு, அதாவது நவச்சாரம்; கூடவே அதிமதுரம். தாத்தா தேர்வில் நூற்றுக்கு நூறு.

"அதிமதுரமும் நவச்சாரமும் சேர்ந்தா அது மிட்டாய் இல்ல, மருந்து" என்று அடுத்ததை எடுத்தார். அதிலும் தவறில்லை, இங்கே ஒரு காலத்தில் இருமலுக்கு மருந்துக்கடையில் விற்ற சமாச்சாரம்தான். சனி போய் ஞாயிறு, திங்கள் வந்தும் தாத்தாவின் பையில் மிட்டாய் இருந்தது. பேத்திக்குப் பங்கும் போனது. வீட்டுச் சட்டம் அத்தோடு செத்தது.

இடையில் ஊர்களையும் பார்த்தோம். சவோன்லின்னாவில் 1475இல் கட்ட ஆரம்பித்த ஓலவின்லின்னா கோட்டை, நாலு பக்கமும் தண்ணீர். அம்மா கோட்டையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, சந்தையில் பொரித்துக்கொண்டிருந்த லோர்ட்ஸிக்கு வந்துவிட்டாள். அச்சு அசல் சோமாசி, உள்ளே ஆப்பிள். "ஓரம் மடிக்கத் தெரியல" என்று தீர்ப்பு சொல்லிவிட்டு இரண்டு சாப்பிட்டாள். குவோப்பியோவில் கலக்குக்கோ: ரை தானிய மாவு ரொட்டிக்குள் குட்டி மீனையும் பன்றிக் கொழுப்பையும் மூடி, அடுப்பில் மணிக்கணக்கில் சுடுவது. வேலைக்குப் போனவர்களின் கட்டுச்சோறு. "கட்டின இலையையும் சேர்த்துத் தின்னுடலாம், புத்திசாலிப் பசங்க" என்றார் அப்பா. அன்று இரவு ஏரிக்கரைக் குடிலில் சவுனா, அதாவது சூட்டு அறைக் குளியல். வெந்நீர் போடச் சொன்னால் ஆளையே வேகவைக்கிறார்கள் என்று அம்மா வாசலோடு திரும்பிவிட்டாள்.

குவோப்பியோவில்தான் வினை. அதிமதுரம் அதிகமானால் ரத்த அழுத்தம் ஏறும் என்று என் மனைவி எங்கோ படித்துவிட்டாள். அப்பாவுக்கு ஏற்கெனவே மூன்று மாத்திரை. அன்றே தடை உத்தரவு, பைகள் சோதனை, இரண்டு பெட்டி பறிமுதல்.

அதற்கப்புறம் அப்பா திருந்தினார். அப்படித்தான் நினைத்தோம். கும்பகோணத்தில் மாத்திரைக்கு வீடு முழுக்கத் துரத்தவேண்டிய மனிதர், ஓலுவில் சந்தைத் திடல் தொப்பைப் போலீஸ் சிலையோடு தொப்பை ஒட்டிப் படம் எடுத்துக்கொண்ட கையோடு, "மாத்திரை டப்பா எங்க?" என்று அவராகவே கேட்டார். ஏழு நாளுக்கு ஏழு அறை உள்ள டப்பா. அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

ரோவனியெமியில் சூரியன் மறையவே இல்லை. அம்மாவுக்கு விளக்கு வைக்கும் நேரம் தெரியாமல் பெரிய குழப்பம். கடைசியில் கும்பகோணக் கணக்கே கணக்கு, அங்கே ஆறரை என்றால் இங்கே நாலு மணி என்று முடிவாகி, ஆர்க்டிக் வட்டத்துக்குப் போகும் வழியில் கார் பார்க்கிங்கில் பேட்டரி விளக்கை ஏற்றினாள். கம்பளி உடுப்பில் வேர்த்துக்கொண்டிருந்த ஜூலை மாதக் கிறிஸ்துமஸ் தாத்தாவைப் பார்த்தோம். வட்டத்தின் கோட்டில் வரிசையாக நின்று படம் எடுத்தோம். அங்கேயே மணி ஒன்பதாகிவிட, பளீரென்ற வெயிலில் 'ராத்திரி மாத்திரை' கொடுக்க அம்மா டப்பாவைத் திறந்தாள்.

வெள்ளிக்கிழமை அறையில் நாலு கறுப்பு டைமண்ட். சனிக்கிழமையில் ஆறு, மிட்டாய் நாள் இல்லையா.

"மாத்திரை எங்கே?" சட்டைப் பையிலிருந்து டிஷ்யூப் பொட்டலம் வெளியே வந்தது. "அதையும் போட்டேன், இதையும் போட்டேன். ஒண்ணு ஏத்தும், ஒண்ணு இறக்கும். கூட்டிக் கழிச்சாச் சரியாப் போச்சு." சின்னவள் என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தாள். டப்பாவை நிரப்பிய கை யாருடையது என்று தெரிந்துபோயிற்று. திரும்பி வந்த 800 கிலோமீட்டரும் அம்மா அப்பாவோடு பேசவில்லை. நடுவில் ஒரு கலைமான் கூட்டம் சாலையை மறித்து நின்றபோது மட்டும், "பாருங்க, உங்களை மாதிரியே சொன்ன பேச்சு கேக்காததுங்க" என்றாள்.

அப்பா அம்மாவுக்கு நாளை இரவு விமானம். இன்று பெட்டி எடை போட்டோம். வேட்டிகளுக்கு நடுவே ஐந்து பாக்கெட் சல்மியாக்கி. அம்மா ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைத்தாள். அப்பா வாதாடவில்லை, ஒன்றை மட்டும் கையில் பிடித்துக்கொண்டார்.

"இது எனக்கில்ல. நம்ம தெருவுக்கு ஈயம் பூச வருவாரே, அவருக்கு. இப்போ பையன் வீட்டோட இருக்கார், கண்ணு சுத்தமா தெரியல. வாயில போட்டா என்னன்னு சொல்லிடுவார்."

அம்மா கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. அதை வாங்கிப் பெட்டிக்குள் வைத்தாள். கூடவே இன்னொன்றையும். எடை இப்போது 400 கிராம் அதிகம். அக்காவுக்கென்று நான் வாங்கிவைத்த காபிப் பொடி வெளியே வந்துவிட்டது.