புரூக்ளின் நாவல்: ஜூன் 15-ஐத் தாண்டிவிட்டேன்

1957-இல் நியூயார்க்கின் புரூக்ளின் டாட்ஜர்ஸ் பேஸ்பால் அணியில் பந்தெறியும் பிட்சர் ஒருவனுக்கும் அதைப் பிடிக்கும் கேட்சர் ஒருவனுக்கும் இடையிலான காதலை நாவலாக எழுதிவருகிறேன். இருவரும் கற்பனை. ஆட்ட நாட்களும் ஊர்களும் வரலாற்றில் உள்ளபடியே.

அன்று அமெரிக்காவின் 48 மாநிலங்களிலும் இந்த உறவு குற்றம். இல்லினாய் மாநிலம் 1961-இல்தான் முதலில் சட்டத்தைத் திருத்தியது. ஆனால் என் கதையில் இவர்களைப் பிரிப்பது போலீஸ் அல்ல, ஒப்பந்தம். ‘ரிசர்வ்’ விதிப்படி ஆட்டக்காரர் அணியின் உடைமை. எந்த ஊருக்கு விற்றாலும் போக வேண்டும், இல்லையேல் ஆட்டத்தையே விட வேண்டும். 1975 வரை இதுதான் நிலை. ஆட்டக்காரர்களை மாற்றிக்கொள்ள அந்தப் பருவத்தில் கடைசி நாள் ஜூன் 15. அன்றிரவு கேட்சரை செயின்ட் லூயிஸ் அணிக்கு அனுப்பிவிட்டேன். யாரைப் பிரிகிறோம் என்று அவன் ஒருவரிடமும் வாய்திறக்க முடியாது. அந்தப் பக்கங்களை எழுதும்போது மனம் கனத்தது.

லீகில் 8 அணிகள். ஒவ்வோர் அணிக்கும் 154 ஆட்டங்கள், ஒவ்வோர் எதிரணியுடனும் 22. அதில் பாதி உள்ளூரில், பாதி வெளியூரில். இனி ஆட்ட அட்டவணைதான் காதலர்களின் பஞ்சாங்கம்.

இப்போது முடித்திருப்பது அவர்கள் எதிரெதிரே நிற்கும் காட்சி. பேட்டருக்குப் பின்னால் குந்தியிருந்து, ஒரு விரல் என்றால் வேகப்பந்து, இரண்டு என்றால் வளைந்து போகும் கர்வ் பந்து என்று சைகை காட்டியவன், பிட்சரிடமிருந்து 60 அடி 6 அங்குலத்துக்கு அப்பால் இன்று மட்டையோடு நிற்கிறான். இவன் கையில் உள்ள எல்லாப் பந்துகளும் அவனுக்கு அத்துப்படி. விட்டுக்கொடுத்து எறிவது அந்தக் காதலுக்கே இழுக்கு என்று எனக்குப் படுகிறது. ஆகவே முழு வேகத்தில் எறிகிறான், கேட்சர் அடிக்க முடியாமல் ஸ்ட்ரைக் அவுட். மட்டையைத் தாழ்த்தித் திரும்புகிறவனின் முகத்தில் பெருமிதம். இதுவரை எழுதியதில் எனக்கு மிகவும் பிடித்த பக்கம் இதுதான்.

அடுத்தது செப்டம்பர் 24, டாட்ஜர்ஸ் தன் சொந்த அரங்கமான எபெட்ஸ் ஃபீல்டில் ஆடிய கடைசி ஆட்டம். பார்வையாளர்கள் 6,702 பேர் மட்டுமே. கேட்சரை அந்த அரங்கில் உட்காரவைக்க ஆசைதான். ஆனால் செயின்ட் லூயிஸ் அணி அன்று மில்வாக்கியில் இருந்தது. முந்தைய இரவுதான் மில்வாக்கி அணியின் ஹாங்க் ஆரன் அடித்த ஹோம் ரன்னில் தோற்றிருந்தது. தேதியை வளைக்க எனக்கு மனமில்லை. பருவம் முடிந்தது செப்டம்பர் 29. டாட்ஜர்ஸ் அணி லாஸ் ஏஞ்சல்ஸுக்கு இடம்பெயர்வதாக அறிவித்தது அக்டோபர் 8. இடையிலுள்ள அந்த நாட்களில் இருவரையும் சேர்த்துவைக்கப்போகிறேன். அவர்கள் எங்கே தங்குவார்கள் என்பதை மட்டும் முடிவு செய்ய வேண்டும்.