டெனிடாஸ் பேயில் கரைக்கயிறு கடைசியில் நின்றது

கனடாவின் மேற்குக் கரையில், டெசலேஷன் சவுண்ட் என்ற கடற்பகுதியில் இருக்கிறது டெனிடாஸ் பே. அங்கே இந்த முறை படகு ராத்திரி முழுக்கப் போட்ட இடத்திலேயே நின்றது. படகின் பின்பக்கத்தைக் கரையோடு கட்டும் கரைக்கயிறு தளரவும் இல்லை, முறுக்கிக்கொள்ளவும் இல்லை. இந்தப் பக்கம் நங்கூரம் போட்டவர்களுக்கு இது எத்தனை பெரிய நிம்மதி என்று தெரியும்.

அங்கே பாறை செங்குத்தாக இறங்குகிறது. கரைக்கு 40 மீட்டர் தள்ளியே 20 மீட்டர் ஆழம். ஆழத்துக்கு ஐந்து மடங்கு நங்கூரச் சங்கிலி விட வேண்டுமென்றால் 100 மீட்டருக்கு மேல் வேண்டும், எங்களிடம் 70தான். அவ்வளவு சங்கிலி இருந்தாலும், ஆகஸ்ட் நெரிசலில் படகு நங்கூரத்தைச் சுற்றி வட்டமடிக்க இடம் ஏது? அதனால் மூன்று மடங்கு விட்டு, ரிவர்ஸில் இழுத்து நங்கூரத்தைப் பிடிக்கவைத்து, பின்பக்கத்தைக் கரையில் கட்டியாக வேண்டும்.

சிக்கல் முழுக்கக் கயிற்றில்தான். நைலான் வேண்டவே வேண்டாம்; அது தண்ணீரில் மூழ்கி புரொப்பெல்லரைத் தேடிப் போகும். மஞ்சள் பாலிப்ரோப்பிலீன் மிதக்கும். 180 மீட்டர் சுருளாக வாங்கி, படகின் பின்பக்கக் கம்பியில் ரீல் மாட்டியிருக்கிறோம். (வான்கூவரில் படகுச் சாமான் கடையில் ரீலுக்குச் சொன்ன விலை அநியாயம். தோட்டக் குழாய் சுற்றும் ரீலே போதும், துருப்பிடிக்காத போல்ட் மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.)

மனைவி டிங்கியில் (கூடவே இழுத்துவரும் சின்னப் படகு) கயிற்றின் நுனியை எடுத்துக்கொண்டு துடுப்புப் போட, நான் என்ஜினை மெதுவான ரிவர்ஸில் வைத்து ரீலருகே நிற்பேன். ரீலைத் தன்போக்கில் சுழலவிட்டால் அவள் துடுப்பை நிறுத்தும் கணத்தில் கயிறு கொத்தாகச் சிக்கிக்கொள்கிறது. "ஏங்க, இழுக்குது, இன்னும் விடுங்க!" என்று கரையிலிருந்து சத்தம் வரும். இப்போது கையுறை போட்ட உள்ளங்கையை ரீல் விளிம்பில் அழுத்தி, மறு கையால் இரண்டு கைவிரிப்பு நீளக் கயிற்றை எப்போதும் முன்கூட்டியே தண்ணீரில் தளர்வாக விட்டுவைக்கிறேன். மொத்த வித்தியாசமும் இதில்தான்.

மரத்தில் கட்டாதீர்கள், பட்டை அறுந்து மரம் பட்டுப்போகும். இங்குள்ள மரீன் பார்க்கில் (கடல் பூங்கா) பல இடங்களில் பாறையில் வளையம் பதித்திருக்கிறார்கள். அதற்குள் கோத்து நுனியைப் படகுக்கே கொண்டுவந்துவிட்டால், காலையில் கரை இறங்காமலே உருவிவிடலாம். கரைப் பாறையெல்லாம் சிப்பி, கத்திமுனை மாதிரி. டிங்கியையும் கயிற்றையும் அதில் உரசவிடாதீர்கள்.

ஓதத்தால் கடல் மட்டத்தின் ஏற்ற இறக்கம் இங்கே 5 மீட்டர் வரை போகும். நீர் வற்றும்போது சங்கிலி தளர்ந்து படகு கரைப்பக்கம் நகர்கிறது. முன்பக்கம் போய்ச் சங்கிலியைக் கொஞ்சம் ஏற்றிக்கொள்ள வேண்டும். நீர் ஏறும்போது திரும்ப விட வேண்டும்.

1792இல் வந்த கேப்டன் ஜார்ஜ் வான்கூவர் இந்த இடத்தைப் பாழ் என்று கருதித்தான் டெசலேஷன் (பாழ்) என்ற பெயரை வைத்தார். எனக்கோ இதைவிடப் பிடித்த நீர்வெளி கிடையாது. வான்கூவர் தீவின் இரு முனைகளையும் சுற்றி வரும் ஓதங்கள் இந்தப் பக்கம்தான் சந்திக்கின்றன. நீரோட்டம் குறைவு, அதனால் கோடையில் தண்ணீர் 20 டிகிரிக்கு மேல் சூடேறுகிறது. அன்வின் ஏரிக்கு நடந்துபோய்க் குளித்துவிட்டும் வந்தோம்.

குறுக்குக் காற்றில் கரைக்கயிறு கட்டப் பழகுவது இன்னும் பாக்கி. அதற்குள் மனசு பிரின்சஸ் லூயிசா இன்லெட் என்ற குறுகிய கடற்கழிக்குப் போய்விட்டது. அதன் வாயிலான மாலிபு ரேப்பிட்ஸில் நீரோட்டம் மணிக்கு 9 கடல்மைல் வரை வரும், நீர் நின்ற நேரம் பார்த்துத்தான் நுழைய வேண்டும். அந்த நேரத்தைக் கணக்கிட உதவும் பாயின்ட் அட்கின்சன் ஓத அட்டவணையை இப்போதே எடுத்து வைத்திருக்கிறேன். கூடுதலாக 30 மீட்டர் சங்கிலியும் வாங்க வேண்டும்.