சக்கரம் இருந்தா போதுமா அண்ணாச்சி?

சேரன்மகாதேவியில் ஆற்றங்கரைத் தோப்பு வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவர் போன வாரம் எங்கள் பட்டறைக்கு வந்தார். "தோப்புல ஒரு மொபைல் ஹோம் செஞ்சு நிறுத்தணும் தம்பி. வெள்ளம் வந்தா டிராக்டர்ல மாட்டி இழுத்துரலாம்லா?" என்றார். 2023 டிசம்பரில் தாமிரபரணி அவர் மோட்டார் ரூமை முக்கிவிட்டுப் போனது. அந்தப் பயம் நியாயமானது. ஆனால் அவர் கேட்டது மொபைல் ஹோமே இல்லை, டிராவல் டிரெய்லர்.

அமெரிக்காவில் மொபைல் ஹோம் என்பது ஃபேக்டரியில் கட்டுகிற முழு வீடு. அடியில் இரும்புச் சட்டமும் சக்கரமும் இருக்கும். அது மனையில் கொண்டுபோய் இறக்குவதற்குத்தான். இறக்கியதும் கான்கிரீட் பிளாக் மேல் ஏற்றி, காற்றுக்கு அசையாமல் தரையில் ஆங்கர் அடித்து இழுத்துக் கட்டிவிடுவார்கள். தண்ணீர், சாக்கடை, கரண்ட் எல்லாம் வெளியிலிருந்துதான். 1976 ஜூன் 15-க்குப் பிறகு அந்த நாட்டு மத்திய அரசு விதிப்படி கட்டுவதற்கு 'மேனுஃபேக்சர்டு ஹோம்' என்று பெயர். பெரியது இரண்டு பாதியாக வந்து மனையில் ஒன்றாகச் சேரும். மறுபடி நகர்த்த லாரி, பெர்மிட், ஆட்கள் என்று பெரிய வேலை. அணை திறக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு அவசரமாகக் கிளம்ப முடியாது.

டிராவல் டிரெய்லரோ, இன்னொரு வண்டியின் பின்னால் மாட்டி இழுத்துப் போகிற வண்டி. அகலம் எட்டரை அடிக்குள். நல்ல தண்ணீர்த் தொட்டி, குளித்த தண்ணீருக்கு ஒன்று, கக்கூஸ் கழிவுக்கு ஒன்று, 12 வோல்ட் பேட்டரி, கேஸ் சிலிண்டர் எல்லாம் அதிலேயே இருக்கும். எனக்குப் பிடித்த இடம் அதன் முன்பக்கம்தான். மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் இழுக்கிற வண்டியின் ஹூக் மேல் உட்கார வேண்டும். அதற்குக் குறைந்தால் வேகத்தில் பின்பக்கம் ஆட ஆரம்பித்து, இழுக்கிற வண்டியையும் சேர்த்துப் புரட்டிவிடும். தண்ணீர்த் தொட்டியை எங்கே வைப்பது என்பதே அதனால் பெரிய கணக்கு. கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடக் கூடாது.

அண்ணாச்சியிடம் டிரெய்லரே போதும் என்றேன். ரோட்டில் இழுக்க அதற்கும் ஆர்.சி. எடுக்கணும், முதலில் ஆர்.டி.ஓ. ஆபீஸில் விசாரியுங்கள் என்றும் சொன்னேன். தலையாட்டினார். "கழிவை கால்வாய்ப் பக்கம் திறந்து விட்டுருவோமே" என்றபோது மட்டும் மறுத்துவிட்டேன். கன்னடியன் கால்வாய்த் தண்ணீரில்தான் அங்கே நெல் விளைகிறது. தோப்பு மேட்டில் செப்டிக் டேங்க் கட்டட்டும், அதற்கு ஏற்ற அவுட்லெட் வைத்துத் தருகிறேன்.