பங்க் ஓரத்து மண்

இன்னிக்கு ஒரு பழைய பெட்ரோல் பங்க்ல, கசிவு இருக்கான்னு பார்க்க மண் மாதிரி எடுத்தோம். டேங்க் பூமிக்குள்ள. பத்தடி வரைக்கும் நல்ல செம்மண். அதுக்குக் கீழ வந்த களிமண் சாம்பல் நிறம், மேல எண்ணெய்ப் பளபளப்பு. மூக்கை வச்சுப் பார்க்கக் கூடாது, பெட்ரோல்ல இருக்கற பென்சீன் புற்றுநோய் தரும். பெட்ரோல் ஆவியை அளக்கற மீட்டரை வச்சோம். எண் ஏறிக்கிட்டே போச்சு.

பெட்ரோல் தண்ணியைவிட லேசு. நிலத்தடி நீர்மேல மிதந்து, நீரோட்டம் போற பக்கமா நகரும். கசிவு ஒரு இடம், கெடுறது வேற யாரோ வீட்டுக் கிணறு. 2013இல் சென்னை தண்டையார்பேட்டையில பூமிக்கடி எண்ணெய்க் குழாய் கசிஞ்சு, போர்வெல் தண்ணியிலயே எண்ணெய் வந்துச்சே!

எதிர்வீட்டு அம்மா, "தம்பி, இந்தத் தண்ணியில சமைக்கலாமா?"ன்னு கேட்டாங்க. "ரிசல்ட் வர்ற வரைக்கும் வேண்டாம்மா"ன்னேன். நாளைக்கு முதல் வேலை அவங்க கிணறுதான்.