பந்தை நிறுத்தியவன்

"பழக்கினா அது யாருக்கும் வந்துடும் சார்."

தேர்வுக் கூட்டத்தில் நான் சொன்னது இவ்வளவுதான். சொல்லி இரண்டு வருடம் ஆகப்போகிறது. இன்னும் என்னால் அதைத் தாண்டிப் போக முடியவில்லை.

எங்கள் ஹாக்கி அணியின் பதினெட்டுப் பேர் பட்டியலில் ஒரே ஓர் இடம் பாக்கி இருந்தது. மிட்ஃபீல்டில் ஆடும் இருவரில் ஒருவன்தான் போக முடியும். ஒருவன் நல்ல வேகம், பந்து பறிபோனால் திரும்பி ஓடி வந்து பிடித்துவிடுவான். இன்னொருவன் கொஞ்சம் மெதுவானவன். ஆனால் பெனால்ட்டி கார்னரில் பந்தை நிறுத்துவது அவன்தான். கார்னரில் ஒருவன் பின்கோட்டிலிருந்து பந்தைத் தள்ளுவான், கோலைச் சுற்றியுள்ள வட்டக் கோட்டுக்கு வெளியே இன்னொருவன் அதை நிறுத்துவான், டிராக் ஃபிளிக்கர் அதை ஸ்டிக்கால் இழுத்துக் கோலுக்குள் எறிவான். எங்கள் டிராக் ஃபிளிக்கர் அந்த சீசனில் போட்ட கோல்களில் பெரும்பாலானவை அவன் நிறுத்திக் கொடுத்த பந்தில் வந்தவை. பயிற்சியாளர் என் பக்கம் திரும்பி, "ஸ்டாப்பிங்கை வேற யாராவது பண்ண முடியும்ல?" என்று கேட்டார். நான் வீடியோ அனலிஸ்ட். கணக்குத் தாள் என் கையில் இருந்தது. அதில் கோல் அடித்தவனுக்குக் கட்டம் உண்டு, கார்னர் வாங்கித் தந்தவனுக்கும் உண்டு. நிறுத்தியவனுக்கு இல்லை. தாளில் இல்லாத ஒன்றைக் கேட்டதும் "பார்த்துச் சொல்கிறேன் சார்" என்று சொல்லியிருக்க வேண்டும். தெரிந்த மாதிரி பதில் சொல்லிவிட்டேன். வேகமானவன் பட்டியலில் போனான், நிறுத்துகிறவன் விடுபட்டான்.

அவனை அணியில் வைத்துக்கொண்டு கார்னர் கிடைக்கும்போது மட்டும் இறக்கியிருக்கலாமே என்று வெளியில் இருப்பவர்கள் கேட்பார்கள். முடியாது. ஹாக்கியில் எப்போது வேண்டுமானாலும் ஆளை மாற்றலாம், ஆனால் பெனால்ட்டி கார்னர் கொடுத்ததிலிருந்து அது முடியும் வரை மாற்றக்கூடாது. நிறுத்த வேண்டியவன் அந்த நேரத்தில் களத்தில் இருந்தாக வேண்டும். அவன் களத்தில் இருந்தால், எதிரணி பந்தைப் பறித்துக்கொண்டு ஓடும்போது எங்கள் நடுப்பகுதி திறந்து கிடக்கும். பயிற்சியாளரின் கவலை அதுதான். அது நியாயமான கவலை. அதை இன்றும் சொல்வேன்.

முகாம் முடிந்து பையை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது, விடுபட்ட அவன் என் அறைக்கு வந்தான். வருத்தப்பட வந்திருக்கிறான் என்று நினைத்து ஆறுதல் வார்த்தைகளைத் தயார் செய்துகொண்டிருந்தேன். அவன் அதைப் பற்றிப் பேசவே இல்லை.

"அண்ணா, புதுசா நிறுத்தறவங்ககிட்ட ஒண்ணு சொல்லிடுங்க. கோட்டுக்கு வெளியே ஒரு ஸ்டிக் தூரம் விட்டு நிறுத்தணும். கோட்டை ஒட்டி வெச்சா ஃபிளிக்கருக்குக் கால் சிக்கும். கேட்க மாட்டான், அவனே சமாளிக்கப் பார்ப்பான்."

சரி என்றேன். கை கொடுத்தேன். அவன் போனான்.

அதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

வேண்டுமென்று மறைக்கவில்லை. அன்று எனக்கு அது பெரிய விஷயமாகப் படவில்லை, அவ்வளவுதான். புது ஸ்டாப்பரும் ஃபிளிக்கரும் ஒரு வாரம் சேர்ந்து பயிற்சி செய்யப் போகிறார்கள், தானாகச் சரியாகிவிடும் என்று விட்டுவிட்டேன். சில நாட்கள் இதை மறதி என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். மறதி இல்லை. கேட்ட அந்த நிமிடமே அதைச் சின்ன விஷயம் என்று ஒதுக்கிவிட்டேன்.

போட்டித் தொடரில் முதல் மூன்று ஆட்டங்களிலும் எங்கள் ஃபிளிக்கருக்குக் கார்னரில் ஒரு கோல்கூட வரவில்லை. மூன்றாவது ஆட்டம் முடிந்த இரவு அவன் வந்து, "அண்ணா, என் ஃபிளிக்ல என்ன தப்பு?" என்று கேட்டான். லேப்டாப்பைத் திறந்து அவனுடைய தோளைக் காட்டினேன், இடுப்பைக் காட்டினேன், முன்கால் எங்கே விழுகிறது என்று நிறுத்தி நிறுத்திக் காட்டினேன். பழைய கோல்களையும் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் பார்த்திருப்போம். நான் வெட்டி வைத்திருந்த எல்லாக் கிளிப்பிலும் படத்தின் நடுவில் அவன்தான் இருந்தான். ஓரத்தில் குனிந்திருந்த ஸ்டாப்பரின் ஸ்டிக் பாதி வெட்டுப்பட்டிருந்தது. வெட்டியது நான்தான்.

அவன் தூங்கப் போன பிறகு முழு வீடியோவைப் போட்டேன். பந்து கோட்டை ஒட்டி நின்றிருந்தது. நின்றது என்றுகூடச் சொல்ல முடியாது, ஒரு முறை லேசாக உருண்டு அப்புறம் நின்றது. பார்க்கிறவர்களுக்கு அது குறையாகவே தெரியாது. ஆனால் பந்து பின்கோட்டிலிருந்து கிளம்பியதுமே எதிரணியின் முதல் ரஷ்ஷர், அதாவது தடுக்க ஓடி வருகிறவன், பாய்ந்து வந்துவிடுகிறான். ஃபிளிக்கருக்குக் கிடைப்பது ஓரிரு நொடி. அதற்குள் பந்தைப் பின்காலுக்குப் பக்கத்திலிருந்து ஸ்டிக்கோடு சேர்த்து இழுத்து, முன்காலைத் தாண்டி விட வேண்டும். பந்து ஒரு ஸ்டிக் தூரம் தள்ளி நின்றால் அந்த இழுப்புக்கு முழு நீளம் கிடைக்கும். ஒட்டி நின்றால் கடைசி அடியைச் சுருக்குவான், இழுப்பு குறையும், வேகம் போகும். அவன் அதைத்தான் செய்துகொண்டிருந்தான். 'அவனே சமாளிக்கப் பார்ப்பான்' என்று பழைய ஸ்டாப்பர் சொல்லிவிட்டுப் போனானே, அப்படியே.

மறுநாள் காலை சொன்னேன். அடுத்த ஆட்டத்தில் பந்து கொஞ்சம் தள்ளி நின்றது. கோல் வரவில்லை. அதற்கடுத்ததில் ஒன்று வந்தது. அதோடு நாங்கள் வெளியேறினோம்.

இதை வைத்து, பழைய ஸ்டாப்பரை எடுத்திருந்தால் ஜெயித்திருப்போம் என்று சொல்லிவிடலாமா? எனக்குத் துணிவில்லை. அவனுக்குப் பதிலாகப் போனவன் மிட்ஃபீல்டில் ஓடி ஓடித் தடுத்ததை என் கண்ணால் பார்த்தேன். மூன்று ஆட்டத்தை வைத்து எதையும் முடிவு செய்யக்கூடாது என்று மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறவன் நான். நல்ல ஃபிளிக்கர்களுக்கும் வறண்ட வாரங்கள் வரும். இவ்வளவும் உண்மை. இவ்வளவும் எனக்குச் சாதகமாக இருப்பதுதான் உறுத்துகிறது.

2024 பாரிஸ் ஒலிம்பிக்கை அந்த நினைப்போடுதான் பார்த்தேன். வெண்கலப் பதக்க ஆட்டத்தில் ஸ்பெயினை 2-1 என்று வென்றோம். இரண்டு கோலும் ஹர்மன்பிரீத் சிங், இரண்டும் பெனால்ட்டி கார்னர். தொடர் முழுக்க 10 கோல், அந்த ஒலிம்பிக்கில் யாரையும்விட அதிகம். அவர் இல்லாமல் அந்தப் பதக்கம் இல்லை, அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. ஆனால் அதே தொடரில் கால் இறுதியில் சிவப்பு அட்டை வாங்கிய அமித் ரோஹிதாஸ், தடையால் அரையிறுதியில் ஆட முடியவில்லை. எதிரணியின் கார்னருக்கு முதலில் பாய்ந்து ஓடுகிறவர் அவர். ஜெர்மனியின் முதல் கோல் பெனால்ட்டி கார்னரில் வந்தது. 3-2 என்று தோற்றோம். அவர் இருந்திருந்தால் அந்த கோல் விழுந்திருக்காது என்று நிரூபிக்க முடியாது. ஆனால் அந்தக் கார்னரின்போது என் கண் கோல் அடித்தவரிடம் போகவில்லை, அவரை நோக்கி ஓடியவர்களிடம்தான் போனது. முன்பெல்லாம் நான் அப்படிப் பார்த்ததே இல்லை.

தியான் சந்தைப் பற்றிப் பேசும்போது, 1932-இல் அமெரிக்காவை 24-1 என்று வென்ற ஆட்டத்தில் அவர் 8 கோல்தான், தம்பி ரூப் சிங் 10 கோல் என்று நானே பலரிடம் சொல்லியிருக்கிறேன், நட்சத்திரம் தனி ஆள் இல்லை என்று காட்டுவதற்காக. யோசித்தால் அங்கேயும் நான் சொல்வது கோல் போட்ட இன்னொருவரின் பெயரைத்தான். அந்த 24 கோலுக்கும் பந்தைக் கொண்டுவந்து கொடுத்தவர்கள் யார் யார் என்று எனக்குத் தெரியாது. ஐஸ் ஹாக்கியில் ஒரு கோலுக்குக் கடைசியாகப் பக்கை (அங்கே பந்துக்குப் பதில் இருக்கும் வட்டு) கொடுத்த இரண்டு பேர் வரை கணக்கில் எழுதுகிறார்கள். அதனால்தான் வெய்ன் கிரெட்ஸ்கி 894 கோல் போட்டார் என்பதோடு, 1,963 முறை மற்றவர்கள் போட உதவினார் என்பதும் நமக்குத் தெரிகிறது. எழுதி வைத்தால்தான் தெரியும். எங்கள் தாளில் எழுதவேண்டிய ஆள் நான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், மறைத்தால் சரியாக இருக்காது. அடுத்த சீசனில் அதே ஃபிளிக்கர் புது ஸ்டாப்பரோடு பழையபடி கோல் போட ஆரம்பித்தான். பழக்கினால் வரும் என்று நான் சொன்னது நடந்துவிட்டது. பயிற்சியாளர் ஒரு நாள் என் தோளைத் தட்டி, "நீ அன்னிக்குச் சொன்னது சரிதான்" என்றார். எனக்குத் தொண்டை அடைத்தது. வந்துவிட்டது உண்மை. எத்தனை மாதம் ஆனது, நடுவில் எத்தனை ஆட்டம் போனது, பட்டியலில் விடுபட்டவனுக்கு அந்தத் தொடர் திரும்ப வருமா? இதையெல்லாம் அவரிடம் சொல்லியிருக்கலாம். தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன்.

இப்போது என் தாளில் ஒரு கட்டம் கூடியிருக்கிறது. பந்து எங்கே நின்றது, உருண்டதா, கோட்டிலிருந்து எவ்வளவு தூரம், நிறுத்தியது யார். ஒவ்வொரு கார்னருக்கும் நிரப்புகிறேன். போன மாதத் தேர்வுக் கூட்டத்தில் பயிற்சியாளர் அதன் மேல் விரலை வைத்து, "இது எதுக்கு?" என்று கேட்டார்.

சொல்ல நிறைய இருந்தது. மேசையைச் சுற்றி ஆறு பேர் இருந்தார்கள், பட்டியல் அன்று மாலையே போக வேண்டியிருந்தது.

"சும்மா இருக்கட்டும் சார்" என்றேன். அவர் அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.