இளஞ்சிவப்பும் ஊதாவும் கலந்தால் ஆங்கிலத்தில் என்ன பெயர்?

இந்தக் கேள்விக்கு ஒரே பதில் கிடையாது. அதுதான் எனக்குப் பிடித்திருக்கிறது.

பளிச்சென்று கண்ணைப் பறித்தால் மெஜந்தா அல்லது ஃபியூஷா. இணையப் பக்கங்களுக்கான நிறப்பட்டியலில் இரண்டுக்கும் ஒரே குறியீடுதான். ஆனால் அச்சு மையில் மெஜந்தா வேறு மாதிரி, சிவப்பின் பக்கம் கொஞ்சம் சாய்ந்திருக்கும். ஃபியூஷா ஒரு பூ. அதன் பெயர் லியோன்ஹார்ட் ஃபூக்ஸ் என்ற ஜெர்மானியத் தாவரவியலாளரின் நினைவாக வந்தது. மெஜந்தா இத்தாலியில் ஓர் ஊர். 1859இல் அங்கே நடந்த போரின் பெயரைத்தான் அப்போது புதிதாக வந்த சாயத்துக்கு வைத்தார்கள். இவ்வளவு அழகான நிறத்துக்குப் போர்க்களத்தின் பெயர் என்பது இன்னும் மனதை உறுத்துகிறது.

சாம்பல் கலந்து மங்கலாக இருந்தால் மோவ். 1856இல் வில்லியம் பெர்கின் என்ற 18 வயது ஆங்கிலேய வேதியியல் மாணவர், மலேரியாவுக்கான மருந்தான குவினைனைச் செயற்கையாகத் தயாரிக்கப் போய், எதிர்பாராமல் கண்டுபிடித்த சாயம் இது. வெளிர் நிறமாகவும் பிரகாசமாகவும் இருந்தால் ஆர்க்கிட்.

சரி, எந்தப் பெயரும் பொருந்தவில்லையா? இரண்டு சொற்களைச் சேர்த்துச் சொல்லலாம், வரிசை மட்டும் முக்கியம். 'பிங்கிஷ் பர்ப்பிள்' என்றால் அடிப்படை ஊதா, மேலே இளஞ்சிவப்புச் சாயல். 'பர்ப்பிளிஷ் பிங்க்' என்றால் அப்படியே தலைகீழ். கடைசிச் சொல்தான் முதன்மை நிறம்.

இன்னொன்று: வானவில்லில் மெஜந்தாவைத் தேடாதீர்கள். அதற்கென்று தனி அலைநீளமே இல்லை. சிவப்பும் நீலமும் சேர்ந்து கண்ணில் படும்போது மூளை உருவாக்கிக்கொள்ளும் நிறம் அது. இதை முதன்முதலில் படித்த அன்று வெகுநேரம் அந்த நிறத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.